திக்கிப் பேசுகிறவரை நேர்காணல் செய்யப்போகிறவர்களுக்கு

வேலைக்கு ஆள் எடுக்கும் குழுக்களில் உட்காரும் அனைவருக்கும்,

வணக்கம். சின்ன வயதிலிருந்தே திக்கிப் பேசுகிறவர்களில் நானும் ஒருவர். எங்களை நீங்கள் மதிப்பிடும் விதத்தைப் பற்றிச் சில விஷயங்களை நேராகச் சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மடல். எழுத்தில் எனக்கு வேகம் அதிகம் என்பதும் ஒரு காரணம்.

பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர் திக்குகிறார். அவர்களில் பெண்களைவிட ஆண்கள் சுமார் 4 மடங்கு அதிகம். வழக்கமாக இது 2 வயதுக்கும் 5 வயதுக்கும் நடுவில் தொடங்கும். பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே போய்விடும், போகாமல் தங்கியவர்கள்தான் நாங்கள். ஆகவே தொடர்ந்து ஆள் எடுக்கிறவர் என்றால் எங்களில் ஒருவராவது உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பார். அவர் திக்குகிறவர் என்று உங்களுக்குத் தெரியாமலே போயிருக்கவும் கூடும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

திக்குகிறவரைப் பார்த்ததும் 'பயந்துவிட்டார்' என்று முடிவுகட்டுவதுதான் பொதுவான பழக்கம். பதற்றம் திக்கலைக் கூட்டும், உண்மைதான். ஆனால் உண்டாக்குவது அது அல்ல. இது குடும்ப வழியாக வருவதுண்டு. இதோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்களை 2010இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நாக்கிலும் தொண்டையிலும் கோளாறு எதுவும் கிடையாது. பாடும்போது எங்களில் பெரும்பாலானவர்களுக்குத் திக்காது. பலரோடு சேர்ந்து ஒரே குரலில் வாசித்தாலும் திக்காது. தனியறையில் நமக்கு நாமே பேசிக்கொண்டால் அருமையாக வரும். எதிரில் ஒருவர் உட்கார்ந்து பதிலுக்காக முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் முட்டும். உங்கள் வேலையே அதுதான், என்ன செய்வது!

அதிலும் நீங்கள் முதலில் கேட்பது பெயரை. எங்களில் பலருக்கு உலகத்திலேயே கடினமான சொல் சொந்தப் பெயர்தான். மற்ற சொல் முட்டினால் பக்கத்தில் இருக்கும் வேறு சொல்லுக்குத் தாவலாம், பெயருக்கு மாற்று ஏது? வாய் முதல் எழுத்துக்குத் தயாராகக் குவிந்திருக்கும், காற்று நகராது, சத்தம் வராது. சில நொடிகள்தான். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது யோசிப்பது போலத் தெரியும். 'பேரே மறந்துபோச்சா?' என்று சிரித்துக்கொண்டே கேட்டவர்களை எங்களில் ஏறக்குறைய எல்லோரும் பார்த்திருக்கிறோம். கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அடுத்த அரை மணி நேரத்தை அந்த ஒரு வாக்கியம் தின்றுவிடும்.

இப்போது, உங்களுக்குத் தெரியாமல் போனவரிடம் வருகிறேன். திக்குகிறவர்களில் ஒரு பகுதியினர் சொல்லை மாற்றி மாற்றிப் பேசியே முழு நேர்காணலையும் சரளமாக முடித்துவிடுவார்கள். வரப்போகும் வாக்கியத்தில் எந்த எழுத்து முட்டும் என்று முன்கூட்டியே தெரியும், அதற்குள் பாதை மாற்றிவிடுவார்கள். இதற்கு விலை உண்டு. திட்டம் ஏன் தாமதமானது என்று கேட்கிறீர்கள். 'பட்ஜெட்' என்பது சரியான பதில். 'ப' முட்டும் என்று தெரிந்ததால் 'சில காரணங்களால்' என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார். 'பதிலில் தெளிவில்லை' என்று நீங்கள் குறித்துக்கொள்கிறீர்கள். ஒரு மென்பொருளின் பெயர் வாயில் வராது என்பதற்காக, நன்றாகத் தெரிந்ததையே 'பழக்கமில்லை' என்று சொல்கிறவர்களும் உண்டு. ஆக, சரளத்துக்கு நீங்கள் மதிப்பெண் கொடுக்கும் வரை, உண்மையான பதிலை மறைத்துக்கொள்ளச் சொல்லி எங்களைப் பழக்குகிறீர்கள். நஷ்டம் உங்களுக்கும்தான்.

இதற்கு நேர்மாறானவர், உங்கள் முன்னால் வெளிப்படையாகத் திக்குகிறவர். 'ப... ப... பட்ஜெட்' என்று, உங்கள் கண்ணைப் பார்த்தபடியே, சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கிறவர். அவருடைய தாளில்தான் 'தன்னம்பிக்கை குறைவு' என்று எழுதுகிறீர்கள்! அந்த இடத்துக்கு வந்து சேர அவர் என்ன செய்திருப்பார் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பேச்சுப் பயிற்சி என்றால் திக்கலைத் துடைத்து எடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். சார்லஸ் வான் ரைப்பர் என்ற அமெரிக்கப் பேச்சுச் சிகிச்சையாளர் இருந்தார், அவரே திக்கிப் பேசியவர். அவர் கற்றுக்கொடுத்தது, திக்கலை விட்டு ஓடாமல், சிரமமில்லாமல் திக்குவதற்கு. சொல் முட்டி நிற்கும்போது அதோடு மல்லுக்கட்டாமல், இறுக்கத்தைத் தளர்த்தி, மெல்ல நீட்டி வெளியே வருவது அதில் ஒரு பயிற்சி. வேண்டுமென்றே திக்கிப் பேசுவதும் பேச்சுப் பயிற்சிகளில் ஒன்று. முன்பின் தெரியாதவரிடம் போய், முட்டாத சொல்லிலும் தானாகத் திக்கி, அவர் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். முதல் தடவை உடம்பெல்லாம் கூசும். திரும்பத் திரும்பச் செய்தால், திக்கினால் வானம் இடிந்து விழாது என்று உடம்புக்கே புரிய ஆரம்பிக்கும். எங்கள் தன்னம்பிக்கை உருவாகும் இடம் அது. திக்கல் குறைவது சில சமயம் கூடவே வரும், சில சமயம் வராது.

அப்படி வந்தவரிடம் நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. சொல்லை எடுத்துக்கொடுக்காதீர்கள், பாதி நேரம் தவறான சொல்லைத்தான் கொடுக்கிறீர்கள், அப்புறம் அதை மறுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். 'ரிலாக்ஸ்', 'மூச்சை இழுத்து விடுங்க', 'மெதுவா பேசுங்க' எதுவும் வேண்டாம். சங்கடத்தில் பேப்பரைப் புரட்டாமல், வழக்கம்போலப் பார்த்துக்கொண்டிருங்கள். தொலைபேசியில் சத்தமே வரவில்லை என்றால் இணைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது என்று வைத்துவிடாமல் கொஞ்சம் காத்திருங்கள். நாங்களாகக் கேட்காதவரை, இரக்கப்பட்டு 'பேச வேண்டாம், எழுதிக் கொடுங்கள்' என்றும் சொல்லாதீர்கள். கேள்வியைச் சுலபமாக்க வேண்டாம். தப்பான பதிலுக்குத் தப்பு என்றே போடுங்கள்.

நேரம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். அரை மணி நேர நேர்காணலுக்கு இன்னும் பத்து நிமிடம் ஒதுக்கினாலே பெரிய விஷயம். கேமராவைப் பார்த்து ஒரு பதிலை ஒன்றரை நிமிடத்துக்குள் முடிக்கச் சொல்லும் தானியங்கி நேர்காணல்கள்தான் எங்களுக்கு மிகக் கொடுமையானவை. மௌனம் நீண்டால் பேச்சு முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு வெட்டிவிடும் மென்பொருள்களும் இருக்கின்றன. அந்தக் கடிகாரத்தை நிறுத்தும் அதிகாரம் உங்களில் யாருக்காவது கட்டாயம் இருக்கும். விண்ணப்பப் படிவத்திலேயே 'கூடுதல் நேரம் தேவையா?' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

மதிப்பீட்டுத் தாளில் 'தகவல் தொடர்புத் திறன்' என்ற கட்டத்தையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். கேட்டதைப் புரிந்துகொண்டாரா, சொன்னது விளங்கியதா, மறுகேள்விக்கு ஈடுகொடுத்தாரா என்று பார்ப்பதற்கான கட்டம் அது. தடையில்லாமல் பேசினாரா என்பதை அதற்குள் யார் எப்போது நுழைத்தார்கள் என்று தெரியவில்லை, எடுத்துவிடலாம்.

எங்கள் பக்கத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. 'எனக்குத் திக்கும், சில சொற்களுக்கு நேரம் எடுக்கும்' என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது. மன்னிப்புக் கேட்கும் தொனியில் இல்லாமல் ஒரு தகவலாகச் சொன்னால் கேட்பவர்கள் நல்லவிதமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஆய்வுகளும் காட்டுகின்றன. அடுத்த முறை நான் வரும்போது அப்படித்தான் சொல்லப்போகிறேன். சொல்கிற அந்த வாக்கியத்திலேயே திக்கவும் செய்யலாம். நீங்கள் 'சரி' என்று சொல்லிவிட்டு முதல் கேள்வியைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு விண்ணப்பதாரர்