அடையாற்றங்கரைக்கு எந்தச் செடி?

அன்புள்ள இளங்கோவுக்கு,

உன் கடிதம் வந்தது. பேத்தி பிறந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். தாயும் சேயும் நலம் என்று எழுதியிருந்தாய், மனசு நிறைந்தது. இங்கே நாங்களும் நலம். தங்கைக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து இப்போது கண்ணாடி இல்லாமலே செய்தித்தாள் படிக்கிறாள். நாற்றங்கால் வேலையைப் பையன் ஏற்றுக்கொண்டதால் எனக்கும் எழுத நேரம் கிடைக்கிறது. ஆகவே இது நீண்ட கடிதமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி.

ஓய்வு பெற்ற பிறகு நீ அடையாற்றங்கரையில் நாட்டுச் செடி நடுவதற்காக அலைகிறாய் என்று கேட்டபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. உங்கள் குடியிருப்போர் சங்கம் தயாரித்த செடிப் பட்டியலையும் பார்த்தேன். நல்ல எண்ணத்தோடு போட்ட பட்டியல். எல்லாம் நம் மண்ணின் மரம்தானே என்று கேட்டிருக்கிறாய். செண்பகம், சந்தனம், தேக்கு எல்லாம் தமிழ்நாட்டில் இயல்பாக வளர்பவைதான், மறுக்கவில்லை. ஆனால் செண்பகம் மலைக் காட்டு மரம். தேக்கு வேர் நனைந்தே கிடந்தால் தாங்காது. சந்தனம் பக்கத்துச் செடியின் வேரிலிருந்து உணவு உறிஞ்சி வாழ்வது, வறண்ட மலையடிவாரம்தான் அதன் இடம். மாநில எல்லைக்குள் எங்கேயோ வளர்கிறது என்பதற்காக ஒரு மரம் சென்னை ஆற்றங்கரைக்கு நாட்டு மரம் ஆகிவிடாது. அந்தக் கரையில், அந்த உயரத்தில், அந்தத் தண்ணீரில் மனிதன் கை வைக்காவிட்டால் என்ன முளைக்குமோ அதுதான் அந்த இடத்துக்கு நாட்டுச் செடி. உங்கள் குழு முதலில் இதில் ஒத்துப்போக வேண்டும் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

அதனால் பட்டியலை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கரையைக் குறுக்காக வெட்டிப் பார்த்த மாதிரி ஒரு படம் வரையச் சொல். தண்ணீர் எப்போதும் நிற்கும் விளிம்பு எது, சாதாரண மழைக்கு நனையும் சரிவு எது, 2015 டிசம்பர் மாதிரி பெருவெள்ளம் வந்தால் மட்டும் மூழ்கும் மேடு எது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே கரையில் சில அடி உயர வித்தியாசத்துக்குள் செடிகள் முழுக்க மாறிவிடும்.

விளிம்பில் கோரையும் சம்பும் நாணலும்தான் ராஜா. இதில் சம்பை மட்டும் நீங்கள் நட வேண்டியதே இல்லை. சாக்கடை கலந்த தண்ணீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிதமிஞ்சி இருப்பதால் சம்பு தானே வந்து மற்ற எல்லாவற்றையும் நெருக்கித் தள்ளிவிடும். அதை அவ்வப்போது அறுத்து வெளியே எடுத்துப் போடுவதுதான் உங்கள் வேலையாக இருக்கும். அறுத்ததைக் கரையிலேயே மக்க விட்டால் அது உறிஞ்சிய சத்தெல்லாம் திரும்ப ஆற்றுக்கே போகும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரிவில் வெட்டிவேர், அருகு, இடையிடையே நொச்சி. வெட்டிவேரைப் பற்றி நான் எவ்வளவு சொன்னாலும் தகும். அதன் வேர் பக்கவாட்டில் படராமல் நேராகக் கீழே இறங்கும், நல்ல மண்ணில் மூன்று மீட்டர் ஆழம்கூடப் போகும். வரிசையாக நெருக்கி நட்டால் சரிவிலிருந்து வழியும் மண்ணைத் தடுத்து நிறுத்திவிடும். வெள்ளம் வந்தால் மேல்பகுதி மடிந்து படுத்துக்கொள்ளும், தண்ணீர் வடிந்ததும் நிமிர்ந்துவிடும். நொச்சி வெட்ட வெட்டத் துளிர்க்கும், குச்சியை ஒடித்து நட்டாலே பிடித்துக்கொள்ளும், ஆடுமாடும் அதிகம் கடிக்காது. நகரத்துக் கரைக்கு இதைவிட என்ன வேண்டும்?

மேட்டில்தான் மரம். நீர்மருது, புங்கம், நாவல், நீர்க்கடம்பு, மாவிலங்கம். காவிரிக் கரையில் முதிர்ந்த நீர்மருதை நீயும் நானும் பார்த்திருக்கிறோம், அந்த வெளிர்ச் சாம்பல் அடிமரமும் கரையைக் கவ்விப் பிடித்த வேரும் உனக்கு ஞாபகம் இருக்கும். மாவிலங்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஆற்றோரம் இயல்பாக நின்ற மரம் அது, இப்போது நகரத்தில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கோடைத் தொடக்கத்தில் மரம் முழுக்க வெள்ளைப் பூவாக நிற்கும், பிறகு அந்த வெள்ளை மெல்ல மஞ்சளாக மாறும். சிறகு நுனியில் ஆரஞ்சு நிறம் தீட்டிய அந்தப் பெரிய வெள்ளை வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவது மாவிலங்கம் சார்ந்த குடும்பத்துச் செடிகளில்தான். அழகான பூமரம் வேண்டும் என்று உங்கள் சங்கத்தில் கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில்.

மேட்டுக்கும் அப்பால், வெள்ளம் எட்டாத காய்ந்த மண் இருந்தால், கிண்டிக் காட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சென்னைக் கடற்கரைச் சமவெளிக்கு உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அங்கே இன்னும் இருக்கிறது. வீரை, காயா, குருந்து, களா, சங்கம்முள். மெதுவாக வளர்பவை, நாற்றங்கால்களில் எளிதில் கிடைக்காதவை. அதனாலேயே யாரும் நடுவதில்லை, யாரும் நடாததாலேயே கிடைப்பதில்லை. இந்தச் சுழலை எங்காவது ஓரிடத்தில் உடைக்க வேண்டாமா?

அப்புறம் உப்பு. உங்கள் கரைத்துண்டு கழிமுகத்துக்கு எவ்வளவு அருகில் என்று நீ எழுதவில்லை. அடையாற்றில் கடல் ஏற்றம் உள்ளே வரும். முகத்துவாரத்தில் மணல்திட்டு அடைத்துக்கொண்டால் ஏற்றம் குறையும், மழை வெள்ளம் திட்டை உடைத்தால் மறுபடி உப்புத்தண்ணீர் ஏறும். ஆண்டு முழுக்க ஒரே நிலை இருக்காது. ஒரு மழைநாளில் எடுத்த தண்ணீரை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள், கோடை உச்சத்திலும் ஒருமுறை சோதியுங்கள். உப்பு அளக்கும் கருவி கைக்கு வரும்வரை அங்கே ஏற்கெனவே முளைத்திருப்பதைப் பாருங்கள். உமரி படர்ந்திருந்தால் மண்ணில் உப்பு இருக்கிறது என்று நிச்சயமாக எடுத்துக்கொள்ளலாம்.

அப்படிப்பட்ட இடத்தில் நான் மேலே சொன்ன வரிசை அப்படியே மாறிவிடும். சேற்றில் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம், அதை ஒட்டிக் கழிமுள்ளி, சற்று மேலே தில்லை, மேட்டில் பூவரசும் புன்னையும் உகாயும் தாழையும். வெண்கண்டலுக்கு மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து மேல்நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும். அவற்றின் மேல் பிளாஸ்டிக் குப்பை படிந்து மூடினால் மரம் மூச்சுத் திணறிச் சாகும், ஆகவே குப்பை தடுக்கும் ஏற்பாடு இல்லாமல் கண்டல் நடுவது கன்றுகளைக் கொல்வதற்குச் சமம். தில்லையின் பால் கண்ணில் பட்டால் பெரும் ஆபத்து, நடைபாதை ஓரத்திலும் குழந்தைகள் விளையாடும் பக்கத்திலும் அது வேண்டவே வேண்டாம். அடையாறு சிற்றோடையில் 2011இல் திறந்த தொல்காப்பியப் பூங்காவை ஒருமுறை குழுவாகப் போய்ப் பாருங்கள். கட்டட இடிபாடும் சீமைக்கருவேலமுமாகக் கிடந்த 58 ஏக்கர் இடம் அது. எந்த மட்டத்தில் எது பிழைத்து நிற்கிறது என்று நேரில் பார்த்தால் நான் பத்துப் பக்கம் எழுதுவதைவிட நன்றாகப் புரியும்.

உன் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த வரி ஒன்று இருந்தது. கரை முழுவதும் மியாவாக்கி முறையில் அடர்காடு போட்டுவிடலாம் என்று சிலர் சொல்வதாக எழுதியிருந்தாய். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி வகுத்த முறை அது. சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று நெருக்கி நட்டு, போட்டியில் வேகமாக உயர விடுவார்கள். பள்ளி வளாகத்தின் ஒரு மூலைக்கோ, தொழிற்சாலை ஓரத்துக்கோ நல்ல பலன் தரலாம். ஆற்றின் சரிவுக்கு அது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. வெள்ளம் போகும் பாதையில் விறைப்பான தண்டுகள் நெருக்கமாக நின்றால் தண்ணீரின் வேகம் குறைந்து மட்டம் உயரும். மிதந்து வரும் குப்பையும் கிளையும் அங்கே சிக்கி ஒரு தடுப்பணையே உண்டாகிவிடும். அந்தத் தண்ணீர் யார் வீட்டுக்குள் போகும் என்று யோசி. கரையோரத் தாழ்வில் குடியிருப்பவர்கள் 2015இல் பட்டதை நீ பக்கத்திலிருந்து பார்த்தவன். புல் வளைந்து வழிவிடும், அடர்மரம் விடாது. பொறியாளர்கள் கரைச் சரிவில் மரம் வேண்டாம் என்று சொன்னால் அவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள், அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சரிவில் நின்ற பெரிய மரம் புயலில் வேரோடு சாய்ந்தால் கரை மண்ணையும் பெயர்த்துக்கொண்டு போகும்.

புல்வெளியும் புதரும் காலியிடம் என்ற எண்ணம் நம் ஆட்களிடம் ஆழமாக ஊறிக் கிடக்கிறது. எத்தனை மரம் நட்டோம் என்று எண்ணிச் சொல்லத்தான் எல்லோருக்கும் ஆசை. நாணல் புதரில் சில்லையும் கதிர்க்குருவியும் கூடு கட்டுவதை, சேற்று விளிம்பில் உள்ளானும் நாரையும் இரை தேடுவதை யார் கணக்கில் எழுதுகிறார்கள்? ஆற்றோரத்தின் பாதிக்கு மேல் மரமே இல்லாமல் இருந்தாலும் அது குறை இல்லை என்று துணிந்து சொல்.

புயல் பேச்சு வந்ததால் இதையும் எழுதிவிடுகிறேன். 2016 டிசம்பரில் வர்தா அடித்தபோது சென்னைச் சாலைகளில் விழுந்து கிடந்தவற்றில் குல்மோகரும் தூங்குமூஞ்சியும் இயல்வாகையும் ஏராளம். முதலாவது மடகாஸ்கரிலிருந்தும் இரண்டாவது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்தும் வந்தவை. வேகமாக நிழல் தரும் என்பதற்காக நட்டவை. கோனோகார்பஸ் என்ற அயல் மரத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். குஜராத் அரசு 2023இல் அதை நடுவதற்கே தடை போட்டது. வேண்டவே வேண்டாம்.

சீமைக்கருவேலத்தை உடனே வேரோடு பிடுங்கிக் கரையைச் சுத்தமாக்கிவிட வேண்டும் என்ற உன் அவசரம் புரிகிறது. எனக்கும் அந்த மரத்தின் மேல் அன்பு கிடையாது. தமிழக அரசு 2022இல் அயல் ஊடுருவல் செடிகளை அகற்றுவதற்கென்றே கொள்கை வெளியிட்டிருக்கிறது, அதன் துணையும் உங்களுக்கு உண்டு. ஆனாலும் மழைக்கு முன்னால் மொத்தமாக எடுத்தால் வெறுமையான சரிவு முதல் வெள்ளத்திலேயே கரைந்துவிடும். துண்டு துண்டாக எடுங்கள். எடுத்த துண்டில் புல்லும் நொச்சியும் பிடித்த பிறகு அடுத்ததுக்குப் போங்கள். தரையோடு வெட்டினால் போதாது, அடிக்கட்டை மண்ணில் இருந்தால் பழையபடி கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். எடுக்கும் முன் கொக்கும் நாரையும் அதில் கூடு வைத்திருக்கிறதா என்று பார்த்து, குஞ்சுகள் பறந்த பிறகு கை வையுங்கள். நீரோரம் புதராக மண்டும் அயல் செடியான நெய்வேலிக் காட்டாமணக்குக்கு இரக்கம் காட்ட வேண்டாம். வெட்டிய தண்டைத் தண்ணீரோரம் போட்டால் அங்கேயும் வேர்விடும் என்பதால் தூரமாக அகற்றிக் காயவைத்துவிடுங்கள்.

கன்று எங்கே வாங்குவது என்று கேட்டாய். முடிந்தவரை வாங்காதீர்கள், விதை சேகரியுங்கள். ஒரே புங்கமரத்தின் விதையிலிருந்து நூறு கன்று வளர்த்தால் நூறும் உடன்பிறப்பு, ஒரு நோய் வந்தால் எல்லாவற்றையும் சேர்த்தே தாக்கும். தள்ளித் தள்ளி நிற்கும் பல தாய்மரங்களிலிருந்து எடுக்க வேண்டும். அதுவும் பாலாறு, அடையாறு, கொசஸ்தலையாறு பாயும் இந்தச் சமவெளியின் மரங்களிலிருந்தே எடுத்தால் நல்லது. நாவல் விதை காய்ந்தால் முளைப்புத் திறன் போய்விடும், பழம் விழுந்த சில நாளிலேயே போட்டுவிட வேண்டும். புங்கம் சில மாதம் தாங்கும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பையைக் கிழித்து வேரைப் பார்த்து வாங்கு. பைக்குள் வட்டமாகச் சுருண்ட வேர், நட்ட பிறகும் சுருண்டபடியே தடித்து, பிற்பாடு மரத்தைச் சாய்க்கும்.

நடும் பருவம் பற்றி ஒன்று. சென்னை மழையில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்ப்பது. மேட்டு மரங்களுக்கு அந்த மழையின் தொடக்கம் சரியான நேரம்தான். சரிவில் மட்டும் அக்டோபரில் நடக்கூடாது, வேர் பிடிக்கும் முன்பே வெள்ளம் அடித்துக்கொண்டு போகும். ஜூலை, ஆகஸ்ட் மாலை மழையை நம்பிப் புல்லையும் நொச்சியையும் அப்போதே ஊன்றிவிட்டு, இடையில் காய்ந்தால் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றப் பொறுப்பான ஆள் இல்லையென்றால் நடும் பரப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்வதே மேல்.

கரையில் கட்டட இடிபாடு எவ்வளவு ஆழத்துக்குக் கிடக்கிறது என்றும் தோண்டிப் பார்த்து எழுது. சுண்ணாம்பும் சிமெண்டும் மிகுந்த மண்ணில் கார நிலை ஏறியிருக்கும், அங்கே என் வரிசையில் சில பெயர்களை நானே அடிக்க வேண்டியிருக்கும். மண், தண்ணீர் இரண்டின் சோதனை முடிவும் வந்த பிறகு குறுக்குவெட்டுப் படத்தோடு சேர்த்து அனுப்பு. அதுவரை சங்கத்தில் பட்டியலை முடிவு செய்ய வேண்டாம் என்று சொல்லிவை. மாவிலங்கக் கன்று என்னிடம் கொஞ்சம் இருக்கிறது, உங்களுக்கென்று ஒதுக்கச் சொல்லிவிட்டேன். நாவல் பழம் உதிரத் தொடங்கியதும் நான் அங்கே வருகிறேன், இரண்டு பேருமாகப் போய் விதை பொறுக்கலாம். பேத்தியையும் அப்போது பார்த்துவிடுகிறேன்.

உன் வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
சேது