மருமகளுக்கு: அடுத்து இதைப் படி

அன்புள்ள மருமகளுக்கு,

விறுவிறுப்பாக ஒரு மர்ம நாவல் வேண்டும், ஆனால் சின்னப் பிள்ளைகள் புத்தகமாக இருக்கக் கூடாது என்று கேட்டிருந்தாய். யோசிக்கவே தேவைப்படவில்லை. ஆர்தர் கானன் டாயிலின் 'தி ஹவுண்ட் ஆஃப் த பாஸ்கர்வில்ஸ்' படி.

துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைதான். 1893-இல் வந்த ஒரு சிறுகதையில் ஹோம்ஸைச் சாகடித்துவிட்டார் டாயில். வாசகர்கள் விடுவார்களா? 1901-இல், ஹோம்ஸ் இறப்பதற்கு முன்னால் நடந்ததாக இந்தக் கதையை ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் தொடராக எழுதத் தொடங்கினார்.

பாஸ்கர்வில் குடும்பத்தை ஒரு பேய் நாய் விடாமல் துரத்துகிறது என்று பழங்கதை ஒன்று உண்டு. அந்த வீட்டுப் பெரியவர் ஒரு ராத்திரி தோட்டத்துப் பாதையில் செத்துக் கிடக்கிறார். உடம்பில் காயமே இல்லை. கொஞ்சம் தள்ளி, மிகப் பெரிய நாயின் கால்தடம். சொத்துக்கு வாரிசான சர் ஹென்றி லண்டனில் வந்து இறங்குகிறார்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கவனி. ஹென்றி தங்கும் ஹோட்டலில் அவருடைய பூட்ஸில் ஒன்று காணாமல் போகிறது. ஒரு தடவைகூடப் போடாத புது பூட்ஸ். ஒற்றை பூட்ஸை வைத்துக்கொண்டு திருடன் என்ன செய்வான்? அடுத்து, பழைய கறுப்பு பூட்ஸில் ஒன்று போகிறது. அப்புறம் அந்தப் புதுசு அறையிலேயே கிடைக்கிறது! புதியதை விட்டுவிட்டுப் பழையதை ஏன் எடுக்க வேண்டும்? படிப்பதை நிறுத்திவிட்டு யோசித்துப் பார். விடையைக் கண்டுபிடிக்கத் தேவையானதெல்லாம் உன் கையிலேயே இருக்கிறது.

எனக்கு இந்த நாவல் இவ்வளவு பிடித்ததற்குக் காரணம் ஹோம்ஸ் இல்லை, அவருடைய நண்பர் டாக்டர் வாட்சன். ஆறாம் அத்தியாயத்தில், பாஸ்கர்வில் வீடு இருக்கும் டார்ட்மூர் பொட்டல்வெளிக்கு ஹோம்ஸ் இல்லாமலே ஹென்றியோடு வாட்சன் போகிறார். லண்டனில் வேலை இருக்கிறது என்று ஹோம்ஸ் சொல்லிவிடுகிறார். சுற்றிலும் பாறைக் குன்றுகள், குதிரையையே விழுங்கிவிடும் சதுப்பு, சிறையிலிருந்து தப்பி எங்கோ ஒளிந்திருக்கும் ஒரு கொலைகாரன். நள்ளிரவில் வீட்டு வேலைக்காரர் கையில் மெழுகுவத்தியோடு ஜன்னலோரம் போய் நிற்கிறார். வாட்சன் மேதை கிடையாது. பயப்படுகிறார், தப்பாகவும் ஊகிக்கிறார், ஆனாலும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு இருட்டில் இறங்கிப் போகிறார். பார்த்ததை ஒன்று விடாமல் ஹோம்ஸுக்கு எழுதுகிறார். அந்த அத்தியாயங்களில் நீயும் அவர்கூடவே நடப்பாய். நிலத்தைப் பற்றிய வர்ணனை கொஞ்சம் நீளம்தான், தாண்டிவிடாதே. கடைசியில் நடக்கும் துரத்தலுக்கு அந்த நிலம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மண்டையோட்டை வைத்து ஆளின் குணத்தைச் சொல்லலாம் என்கிற மாதிரிப் பேச்சும் நடுவில் வரும். அந்தக் காலத்தில் அப்படி நம்பினார்கள். அது தவறு என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்.

மொத்தம் 15 அத்தியாயங்கள். கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே, இணையத்திலும் தேடாதே. ஒன்பதாம் அத்தியாயம் முடிந்ததும், யார் மேல் சந்தேகம், ஏன் என்று எனக்கு எழுதி அனுப்பு.

அன்புடன்,
மாமா