நீள மூக்கருக்குக் கப்பல் நேரம் தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை பயணப் பக்கத்தில் வந்த புருணை கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் மேல் எனக்குக் கோபமில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படியொரு படகில், அதே வெயிலில் உட்கார்ந்து ஏமாந்து திரும்பியவன்தான். ஆனால் அவர் முடித்த விதம் உறுத்தியது. நீள மூக்குக் குரங்கு வெறும் விளம்பரக் கதை என்கிறார். ஆற்றுக்குள் தூண்கள்மேல் வீடுகள் நிற்கும் கம்போங் ஆயர் என்ற குடியிருப்பைத் "தண்ணீர்மேல் ஒரு சேரி" என்கிறார். இரண்டும் தப்பு. அவர் போன நேரம்தான் இரண்டுக்கும் காரணம்.

என் முதல் பயணத்தைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய சொகுசுக் கப்பல் காலை எட்டு மணிக்கு மூவாரா துறைமுகத்தில் நின்றது. கரைச் சுற்றுலாவுக்குத் தனிக் கட்டணம். "தண்ணீர் கிராமமும் அலையாத்திக் காட்டு வனவிலங்குகளும்" என்று விளம்பரம், மேலே பெரிய மூக்கோடு ஒரு குரங்கின் படம். பேருந்தில் ஏற்றி முதலில் உமர் அலி சைஃபுதீன் பள்ளிவாசலுக்குக் கூட்டிப் போனார்கள். 1958-இல் கட்டியது, தங்கக் குவிமாடம், குளத்துக்கு நடுவில் கல்லாலான ராஜ படகு. அழகுதான், குறை சொல்ல மாட்டேன். அப்புறம் நினைவுப் பொருள் கடை. அந்தக் கடையில் முக்கால் மணி நேரம் போயிற்று. படகில் ஏறும்போது மணி பதினொன்றரை.

சுல்தானின் அரண்மனையைத் தாண்டி, ஒரு சின்னக் கால்வாய்க்குள் போய் இஞ்சினை அணைத்தார் படகோட்டி. அரை மணி நேரம் கழுத்து வலிக்க மேலே பார்த்தோம். கண்ணில் பட்டது ஒரு வெள்ளைக் கொக்கு, சேற்றில் ஊர்ந்த ஒரு நீருடும்பு, அவ்வளவுதான். எங்கள் படகில் ஒருவர் கப்பலின் காலைச் சாப்பாட்டு மேசையிலிருந்து இரண்டு வாழைப்பழத்தைப் பையில் போட்டு வந்திருந்தார், குரங்குக்குக் கொடுக்கவாம். நல்லவேளை, குரங்கு வரவில்லை. இந்தக் குரங்கு இலையும் காயும் தின்று பிழைப்பது. அதன் இரைப்பை மாட்டுக்கு இருப்பதுபோலப் பல அறையாகப் பிரிந்திருக்கும், இலை அதற்குள் புளித்துத்தான் செரிக்கும். இனிப்பாகப் பழுத்த பழம் உள்ளே போனால் கண்டபடி புளித்து, வயிறு ஊதி, உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

கப்பலுக்குத் திரும்பியதும் வரவேற்பு மேசையில் போய்க் கேட்டேன். சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார் ஒரு பெண். வனவிலங்குகள் தென்படுவதற்கு உத்தரவாதமில்லை என்று பொடி எழுத்தில் இருந்தது. சரி, காட்டு மிருகத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாதுதான். ஆனால் அது எந்த நேரத்தில் ஆற்றோரம் வரும் என்பது அங்கே படகோட்டும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதை மறைத்து உச்சி வெயிலில் சீட்டு விற்பதை என்னவென்று சொல்வது?

விஷயம் இதுதான். இந்தக் குரங்குகள் இரவில் தண்ணீர் ஓரத்து மரங்களில்தான் தூங்கும். விடிந்து கொஞ்ச நேரத்தில் கிளம்பி உள்காட்டுக்கு இலை தேடிப் போய்விடும். பொழுது சாயும்போதுதான் மறுபடியும் கரைக்கு வரும். நண்பகலில் எப்போதாவது ஒன்று கண்ணில் படலாம், அது அதிர்ஷ்டம். இதில் நம்மைப் போன்ற சிங்கப்பூர்க்காரர்களுக்கு இன்னொரு சங்கடம் இருக்கிறது. அங்கேயும் இங்கேயும் கடிகாரம் ஒன்றுதான், ஆனால் புருணை நமக்குக் கிழக்கே தள்ளி இருப்பதால் சூரியன் முக்கால் மணி நேரம் முன்னதாகவே அடைந்துவிடும். இங்கே ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்ற நினைப்பில் அங்கே போனால் ஆறரைக்கே இருட்டிவிடுகிறது. ஐந்து மணிக்கு நங்கூரம் தூக்கும் கப்பல் பயணியை எல்லாம் அதற்கு முன்பே கூப்பிட்டுக்கொள்ளும். குரங்கு கரைக்கு வரும் நேரத்தில் பயணி கப்பல் மேல்தளத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்.

போன வருடம் நானும் மனைவியும் விமானத்தில் மூன்று நாள் போனோம். ஆற்றங்கரைப் படகுத்துறையில் மதியம் ஒரு மணிக்கு ஓர் இளைஞரிடம் என் அரைகுறை மலாயில் பேரம் பேசினேன். "இப்ப வேண்டாம் பாக்சிக் (மாமா), நாலரைக்கு வாங்க. தண்ணியும் ஏறிடும்" என்றார். கையில் நீட்டிய காசை வேண்டாம் என்று சொன்ன படகோட்டியை அன்றுதான் பார்த்தேன். தண்ணீர் ஏறுவது என்றால் கடல் ஏற்றம். வற்றும் நேரத்தில் அந்தக் கால்வாய்களில் சேறுதான் இருக்கும், படகு நுழையாது.

நாலரைக்குப் போனோம். பூலாவ் ரங்கு தீவைச் சுற்றி, சுரபுன்னை வேர்கள் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும் ஓரத்தில் இஞ்சினை நிறுத்தினார். முதலில் கிளை முறியும் சத்தம். அப்புறம் ஒரு மரமே ஆடியது. செம்பழுப்பு முதுகு, வெள்ளை வால், சாமியார் போல முன்னால் தள்ளிய வயிறு. ஆண் குரங்கின் மூக்கு முற்றிய கத்தரிக்காய் மாதிரி வாய்க்கு மேல் தொங்கியது. அது எழுப்பிய குரல் வாத்துக்கும் லாரி ஹாரனுக்கும் நடுவில் இருந்தது. தாயின் வயிற்றைப் பற்றியிருந்த குட்டிக்கு மட்டும் முகம் கருநீலம், ஒரு சின்ன மைப்பொட்டு வைத்தாற்போல. ஒரு பெண் குரங்கு கால்வாயின் இக்கரையிலிருந்து அக்கரை மரத்துக்குப் பாய்ந்ததில் கிளை ஒடிந்து பாதி உடம்பு தண்ணீரில் விழுந்தது. கலங்கவேயில்லை, நீந்திப் போய் ஏறிவிட்டது. இவற்றின் கால் விரல்களுக்கு நடுவே சவ்வு உண்டு. மனைவி பதினான்கு வரை எண்ணினாள், அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

படகோட்டி இதை "பங்காத்தான்" என்றார். மலாயில் "மோன்யெட் பெலாண்டா" என்றும் சொல்வதுண்டு, அதாவது ஒல்லாந்துக்காரக் குரங்கு. சிவந்த முகம், பெரிய மூக்கு, தொந்தி. காலனி துரைமாரைப் பார்த்து ஊர்க்காரர்கள் வைத்த பெயர். போர்னியோ தீவைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் இது கிடையாது.

இனி கம்போங் ஆயர். கட்டுரையாளர் பார்த்தது பொய்யில்லை. தண்ணீர் வற்றிய நடுப்பகலில் வீட்டுத் தூண்களுக்கு அடியில் சேறும் பிளாஸ்டிக் குப்பையும் தெரியும், நடைபாலத்தில் சில பலகை ஆடும், தெருவில் ஆளே இருக்காது. ஏன் இருக்காது? அரசாங்க அலுவலகத்துக்கும் கடைக்கும் வேலைக்குப் போயிருப்பார்கள், பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். தோ பாயோவில் நண்பகல் பன்னிரண்டுக்கு என் அடுக்குமாடி புளோக்கில் வந்து பார்த்தாலும் யாரும் வசிப்பதாகத் தெரியாது.

குரங்கைப் பார்த்துத் திரும்பும்போது அதே கம்போங் வழியாக வந்தோம். ஆறு நிரம்பி, குப்பையெல்லாம் மறைந்து, வீடுகள் தண்ணீர்மேல் உட்கார்ந்திருந்தன. கழுத்தில் அலுவலக அட்டை தொங்க, கையில் காய்கறிப் பையோடு ஆட்கள் தண்ணீர் டாக்சியில் வந்து இறங்கினார்கள். ஒரு வீட்டு வாசலில் பெயின்ட் டப்பாக்களில் மிளகாய்ச் செடி, இன்னொன்றில் பூனையோடு ஒரு கிழவர். பலகை தடதடக்கப் பிள்ளைகள் ஓடினார்கள். எங்கோ நெத்திலி பொரிக்கும் வாசனை. மின்சாரம், குழாய்த் தண்ணீர், பள்ளிக்கூடம், பள்ளிவாசல், தீயணைப்பு நிலையம் எல்லாம் அங்கேயே உண்டு. கார்களைக் கரையில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இந்தக் குடியிருப்பு நேற்று முளைத்ததல்ல. போர்த்துகீசிய மாலுமி மகெல்லனின் கப்பல்கள் அவர் இறந்த பிறகு 1521-இல் புருணைக்கு வந்தன. கூட வந்து பயணக் குறிப்பு எழுதிய பிகாஃபெட்டா, அரசரும் சில பிரபுக்களும் தவிர ஊரே உப்புத் தண்ணீர்மேல் இருக்கிறது என்றும், கடல் ஏறும் நேரத்தில் பெண்கள் படகில் வீடு வீடாகச் சாமான் விற்றார்கள் என்றும் எழுதி வைத்தார். பார்த்தீர்களா, அன்றைக்கும் கணக்கு தண்ணீரின் நேரம்தான். 1906-க்குப் பிறகு பிரிட்டிஷ் ரெசிடென்ட் (சுல்தானுக்கு ஆலோசனை சொல்ல வந்த பிரிட்டிஷ் அதிகாரி) காலம் தொட்டு "கரைக்கு வாருங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பலர் போய்விட்டார்கள், இளையவர்கள் இன்னும் போகிறார்கள். இருந்தும் ஆயிரக்கணக்கானோர் அங்கேயே இருக்கிறார்கள். அதைச் சேரி என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

செலவும் பெரிதில்லை. 1967-இலிருந்து நம் வெள்ளியும் (டாலர்) அவர்கள் வெள்ளியும் ஒன்றுக்கொன்று சமம், சிங்கப்பூர் நோட்டை நீட்டினால் வாங்கிக்கொள்கிறார்கள். ஆற்றைக் கடக்க தண்ணீர் டாக்சிக்கு நான் கொடுத்தது ஒரு வெள்ளி.

அடுத்த மாதம் என் சம்பந்தி வீட்டார் கப்பலில் போகிறார்கள். கரைச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டலாமா என்று நேற்று தொலைபேசியில் கேட்டார் சம்பந்தி. கப்பல் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்றேன். ஐந்து மணி என்றார். "அப்படியென்றால் வீடுகளை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். குரங்குக்கு இன்னொரு முறை நாம் எல்லோரும் சேர்ந்து விமானத்தில் போவோம்" என்றேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தோ பாயோ, சிங்கப்பூர்