சொன்னபடி செய்கிற பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் வேலைவாய்ப்புக் கட்டுரை, சொன்னதைச் சொன்னபடி செய்கிற இளைஞர்களுக்கு இனி எதிர்காலமே இல்லை என்கிற தொனியில் இருந்தது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 19 வருடமாகத் தரம் பார்க்கிற செக்கிங் வேலையில் இருக்கிறேன். அப்படிப்பட்ட பிள்ளைகளை நம்பித்தான் எங்கள் சரக்கு கப்பலேறுகிறது.

துணி வந்ததும் வட்டக் கட்டரால் 100 சதுர சென்டிமீட்டர் வெட்டித் தராசில் வைப்போம். 1.8 கிராம் காட்டினால் 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை. தைத்து வந்த பனியனை மேஜையில் சுருக்கமில்லாமல் விரித்து, அக்குளுக்கு ஓர் அங்குலம் கீழே டேப்பை வைத்து மார்பளவு எடுப்போம். கொஞ்சம் இழுத்துப் பிடித்தாலும் அளவு கூடிவிடும். காலையில் எடுத்த முதல் பீஸையும் ராத்திரி ஓவர்டைமில் எடுக்கிற கடைசி பீஸையும் ஒரே மாதிரி வைத்து அளக்க எல்லோராலும் முடியாது. சுறுசுறுப்பான கெட்டிக்காரர்கள் பலர் பத்தாவது பீஸிலேயே கண்ணளவுக்குப் போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

முன்பு நான் இருந்த கம்பெனிக்கு ஒரு பையன் வந்தான். அதிகம் பேசமாட்டான். பள்ளிக்கூடத்தில் மந்தம் என்று பேர் வாங்கியவன். ஒருநாள் 3,000 பீஸ் ஷிப்மெண்ட் பேக்கிங் முடிந்து நின்றது. எத்தனை பீஸ் பார்ப்பது, எத்தனை குறை வரை விடலாம் என்று சொல்கிற ஏக்யூஎல் 2.5 அட்டவணைப்படி 125 பீஸ் எடுத்துப் பார்க்க வேண்டும். பெரிய குறை 7 வரை போகலாம், 8 வந்தால் மொத்த லாட்டும், அதாவது அந்த 3,000 பீஸும், நிற்கும். எட்டாவதை அவன்தான் பிடித்தான். கை மடிப்பில் அரை அங்குலம் தையல் விட்டிருந்தது. வெளியே லாரி காத்திருந்தது. "ஒண்ணே ஒண்ணுதானடா, மாத்தி வெச்சுட்டு எழுது" என்றார் மேனேஜர். அவன் "எட்டுங்கண்ணா" என்றான். மூன்று தடவை கேட்டும் அதே பதில்தான். பெட்டிகளைப் பிரித்தோம். ஒரே மெஷினில் தைத்த பீஸ்கள் அத்தனையிலும் அதே குறை. அடுத்த வாரமே அவனைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளில் வேலையை விட்டே போய்விட்டான். அவனுக்காக நான் இன்னும் அழுத்திப் பேசியிருக்க வேண்டும்.

ஊசி உடைந்தாலும் இப்படித்தான். துண்டுகள் எல்லாம் கிடைத்து ரிஜிஸ்டரில் ஒட்டிய பிறகே புது ஊசி தரவேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மெஷினைச் சுற்றி இருக்கிற பீஸ் எல்லாம் மெட்டல் டிடெக்டரில் போய் வரவேண்டும். அது குழந்தைகள் போடுகிற உடுப்பு. "போனால் போகட்டும்" என்கிற ஆள் அங்கே இருக்கக் கூடாது.

முறைப்படி நடக்கிறவர்களுக்கு யோசிக்க வராது என்பார்கள். தாளில் எழுதாத குறை ஒன்று வந்தால், தானே முடிவெடுக்காமல் பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்க வருகிறவர்களும் இவர்கள்தான்.

பனியன் மட்டும் இல்லை. மருந்துக் கம்பெனி ஆய்வகம், பால் பண்ணை, கோவை ஃபவுண்டரிகள் என்று எங்கும் இந்த வேலை உண்டு. பன்னிரண்டாம் வகுப்போடு செக்கிங்கில் சேர்ந்து க்யூசி என்கிற தரக் கட்டுப்பாட்டாளர் ஆனவர்கள் என்னோடு வேலை பார்க்கிறார்கள். அந்த வழியையும் உங்கள் இதழில் எழுதுங்கள். கூடவே, லாட்டை நிறுத்தச் சொல்கிற ஆளைப் புரொடக்‌ஷன் மேனேஜருக்குக் கீழே வைக்கக் கூடாது என்பதை முதலாளிகள் கண்ணில் படும்படி போடுங்கள்.

இப்படிக்கு,
செக்கிங் மேற்பார்வையாளர் ஒருவர்,
திருப்பூர்.