சக்கரக்கோட்டைக் கண்மாய்க் கரையில் நடக்க ஒரு பாதை கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

ராமநாதபுரத்துக்கு ஒரு நல்ல பூங்கா வேண்டும் என்று வாசகர்கள் எழுதுவதை உங்கள் கடிதப் பகுதியில் தொடர்ந்து படித்து வருகிறேன். ஒருவர் செயற்கை நீரூற்று கேட்கிறார், இன்னொருவர் ராட்டினம் கேட்கிறார், செல்ஃபி எடுக்க ஊர்ப்பெயரைப் பெரிய எழுத்தில் வைக்கச் சொல்கிறார் வேறொருவர். கேட்பதில் தப்பில்லை. வெயில் தாழ்ந்த பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காலாற நடந்து வர நமக்கு இடம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதற்காகப் புதிதாக ஒரு இடம் தேடி, கிராவலைக் கொட்டி, சுற்றுச்சுவர் எழுப்ப வேண்டியதே இல்லை, ஊரை ஒட்டியே சக்கரக்கோட்டைக் கண்மாய் கிடக்கிறது, அதன் கரையில் ஒரு நடைபாதையும் கொஞ்சம் நிழலும் உட்கார நாலு கல் பெஞ்சும் போட்டால் போதும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

போன வருடம் சிங்கப்பூரில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது அங்குள்ள தாவரவியல் பூங்காவுக்கு அடிக்கடி போய் வந்தேன். 1859இல் தொடங்கிய தோட்டம், 82 ஹெக்டேர், 2015இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. இதெல்லாம் பெரிய பெருமைதான், சரி. என் மனதில் நின்றது அந்த நடைபாதைதான். விடிகாலை 5 மணிக்கே திறந்துவிடுகிறார்கள், நள்ளிரவு வரை போகலாம், ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் டிக்கெட். மூட்டு வலியோடு நடக்கிற என்னைப் போன்றவர்களுக்கு எது தேவை என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள்: பாதை முழுக்க மர நிழல், கால் கடுத்தால் உட்கார இடம், எந்தப் பக்கம் போனால் எங்கே போய்ச் சேரும் என்று ஒரு பலகை. பாதையோரத்தில் கோழி குப்பையைக் கிளறுகிறது, வீட்டுக்கோழி இல்லை, காட்டுக்கோழி. ஏரிப் பக்கம் உடும்பு ஒன்று பாதையைக் கடக்கும்வரை ஜனங்கள் நின்று வழிவிட்டார்கள். ஒரு மரத்தடியில் ஆனைக்குண்டுமணி சிவக்கச் சிவக்கச் சிதறிக் கிடந்தது, என் பேத்தி அதைப் பொறுக்கிப் பை நிறையக் கட்டிக்கொண்டாள்.

அங்கே புல்வெளியில் ‘ஊஞ்சலாடும் சிறுமி’ என்று ஒரு வெண்கலச் சிற்பம் இருக்கிறது. சிட்னி ஹார்ப்லி என்ற ஆங்கிலேயச் சிற்பி செய்தது, சிங்கப்பூரின் முதல் முதலமைச்சராக இருந்த டேவிட் மார்ஷல் 1984இல் அன்பளிப்பாகக் கொடுத்தார். நல்ல மதியம், ஆள் நடமாட்டம் இல்லை, பேத்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். “அப்பத்தா, இந்தப் புள்ள ராத்திரியும் ஆடிக்கிட்டே இருக்குமா?” என்று கேட்டாள். ஆமா என்று சொல்லிவிட்டு நானும் அவளோடு நின்று பார்த்தேன். கண்காட்சிக் கூடத்துக்குள் வைத்திருந்தால் அந்தப் பிள்ளை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்திருக்கும். மரமும் வெயிலும் காற்றும் சுற்றி இருக்கும்போது சிற்பத்துக்கே உயிர் வந்துவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நம் ஜில்லாவுக்கும் அந்தத் தோட்டத்துக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1877இல் ரப்பர் கன்றுகள் வந்து சேர்ந்தது அங்கேதான். 1888இல் பொறுப்புக்கு வந்த ஹென்றி ரிட்லி என்பவர் மரத்தைச் சாகடிக்காமல் பால் இறக்கும் முறையை அங்கே வைத்துத்தான் கண்டுபிடித்தார், பார்க்கிற தோட்டக்காரர்களிடமெல்லாம் ரப்பர் போடுங்கள் என்று சொல்லிக்கொண்டே திரிந்தார். அப்புறம் மலாயா முழுக்க ரப்பர் தோட்டம், பால்வெட்டுக்கு ஆள் தேவை, இங்கிருந்து கப்பல் ஏறிப் போனவர்களின் பேரன் பேத்திகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். ஒரு பூங்காவில் காலாற நடக்கும்போது இப்படி ஒரு சரித்திரம் கைக்கு வருகிறதென்றால் அது எவ்வளவு பெரிய விஷயம்.

இப்போது நம் கண்மாய்க்கு வருகிறேன். சக்கரக்கோட்டைக் கண்மாய் 2012இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2025இல் நம் மாவட்டத்தின் தேர்த்தங்கல் சரணாலயத்தோடு சேர்ந்து, உலகளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. நம் மாவட்டத்தின் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022லேயே அந்தப் பட்டியலில் வந்துவிட்டன. சக்கரக்கோட்டையின் பரப்பு ஏறக்குறைய 230 ஹெக்டேர், அதாவது நான் சுற்றி வந்த சிங்கப்பூர்த் தோட்டத்தைவிட இரண்டரை மடங்குக்கும் மேலே. ஐப்பசி கார்த்திகையில் மழை நன்றாகப் பெய்து கண்மாய் பெருகிவிட்டால் கூழைக்கடா வரும், மஞ்சள்மூக்கு நாரை வரும், நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம் என்று கருவேல மரங்கள் கொள்ளாமல் கூடு கட்டும். உச்சி வெயிலில் தாய் நாரை குஞ்சுக்கு மேலே இரண்டு இறக்கையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வெயில் நகர நகர அதுவும் திரும்பி நிற்கும். ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இதைப் பார்த்ததே இல்லை. இது என் மனதை அறுக்கிறது, சார். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ பிடித்தால் போய்விடக்கூடிய தூரத்தில் இருப்பதைப் பிள்ளைகள் செல்போனில்கூடப் பார்க்காமல் வளர்கிறார்கள்.

பாதை என்றால் கரை முழுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஊரை ஒட்டிய பக்கம் மட்டும் ஒரு துண்டுக் கரை போதும், மிச்சம் பறவைகளுக்கு. மண் பாதையாகவே இருக்கட்டும், பேவர் பிளாக் வேண்டவே வேண்டாம், நம் வெயிலுக்கு அது கொதிக்கும். கூடு கட்டும் மாதங்களில் கிட்டத்தில் போகாமல் தள்ளி நின்று பார்க்க மறைவிடம் வேண்டும். சிங்கப்பூரிலேயே சுங்கை பூலோ என்று ஒரு அலையாத்திக் காடு இருக்கிறது, 1993இல் திறந்தது, 2002இல் இயற்கைக் காப்பகமானது, அங்கே மரப்பலகையால் தடுப்பு கட்டி அதில் நீளவாக்கில் திறப்பு விட்டிருக்கிறார்கள், அதன் வழியாகப் பார்த்தால் நாம் நிற்பது பறவைக்குத் தெரியாது. இங்கே பனை மட்டையில் அதைக் கட்ட நம் ஆட்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டாம். விளக்குக் கம்பம், ஒலிபெருக்கி, இரவு நேர நிகழ்ச்சி எதுவும் கூடாது. பக்கத்து சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கே வெடி போடாமல் இருக்கிறார்கள். நம்மால் ஒரு மைக் செட்டை விட முடியாதா?

கண்மாய் முதலில் ஆயக்கட்டு விவசாயிகளுடையது, அதையும் சொல்லிவிடுகிறேன். பாதை போடுகிறேன் என்று மடையை அடைப்பதோ, மிகுந்த தண்ணீர் வழிந்தோடும் கலுங்கை ஒட்டிக் கட்டடம் எழுப்புவதோ கூடாது. வரத்துக்கால் தூர்ந்தால் தண்ணீர் வராது, தண்ணீர் இல்லாத வருடம் பறவையும் வராது.

கலைப்பொருள் பற்றி நான் கேட்பது கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். ஃபைபர் டைனோசரும் சிமெண்ட் மானும் வேண்டாம், அவற்றுக்கும் இந்த மண்ணுக்கும் என்ன சம்பந்தம்? திறந்தவெளியில் சிற்பம் வைத்து அதைச் சுற்றி வருவது நமக்குப் பழக்கப்பட்டதுதானே. கண்மாய்க் கரை அய்யனார் கோயிலில் வரிசையாக நிற்கிற மண் குதிரைகளைப் பாருங்கள், வேளார்கள் அதற்கென்று மண் எடுத்து, கையால் வனைந்து, சூளையில் வேகவைத்து, புரவியெடுப்பு அன்று ஊரே தூக்கிக்கொண்டு போய் வைப்பது. மழையில் நனைந்து பாசி பிடித்துக் காது உடைந்து நின்றாலும் அந்தக் குதிரையின் கம்பீரம் குறைவதில்லை. அந்த வேளார்களிடம் ஒரு கூழைக்கடாவும் ஒரு நாரையும் ஆள் உயரத்துக்குச் செய்யச் சொல்லுங்கள், அவர்கள் கை எப்படிப் பேசும் என்று தெரியும். ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனையில் சேதுபதிகள் காலத்துச் சுவரோவியங்கள் இருக்கின்றன, 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, போரும் அரசவையும் ராமாயணமும் சுவர் முழுக்க. அவ்வளவு அழகான நிறமும் கோடும் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது, கண்மாய்க்குப் போகும் வழியிலுள்ள சுவர்களில் அந்தப் பாணியில் நம் பறவைகளை வரைய ஓவியம் படிக்கும் இளைஞர்களைக் கூப்பிடலாமே. பாம்பன், மண்டபம் பக்கம் ஓய்ந்துபோன வள்ளத்துப் பலகை கிடக்கிறது, கடலில் அறுந்துபோன வலை கரை ஒதுங்குகிறது, சாயல்குடிப் பக்கம் ஓலை முடைகிற பெண்கள் இருக்கிறார்கள். பெஞ்சு, பலகை, பந்தல் எல்லாவற்றையும் இவற்றிலிருந்தே செய்யலாம், கூலியும் இங்கேயே தங்கும்.

யார் பார்த்துக்கொள்வது என்று கேட்பார்கள். திருவாடானைப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டைச் சுற்றிக் காட்டும் படகு வேலையை வனத்துறையும் அந்த ஊர் மீனவ மக்களும் சேர்ந்தேதான் நடத்துகிறார்கள். அந்த வழியையே சக்கரக்கோட்டைக்கும் எடுத்துக்கொள்ளலாம். கரை ஊர்களைச் சேர்ந்த இளைஞர்களுக்குப் பறவைகளின் பெயரும் பழக்கமும் சொல்லிக்கொடுத்தால் அவர்களே கூட்டிப்போய்க் காட்டுவார்கள், பிளாஸ்டிக் பையோடு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தவும் செய்வார்கள்.

கடைசியாக மரம். சீமைக்கருவேலத்தை ஒழிக்கிறோம் என்று இயந்திரத்தை இறக்குகிறவர்கள் நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்துச் சாய்த்துவிடும் ஆபத்து இருக்கிறது, தண்ணீருக்குள் நிற்கிற அந்த மரத்தில்தான் பறவை கூடு கட்டுகிறது. சீமைக்கருவேலத்திலும் கூடு இருந்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டக் கூடாது, பக்கத்தில் நாட்டுக் கருவேலம் வளர வளரப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். கரையில் நிழலுக்குப் பூவரசு, புங்கை, மருது, பனை இவை போதும். வரப்போகிற ஐப்பசி மழையை ஒட்டிக் கன்று நட்டுவிட்டால் நாம் ஊற்ற வேண்டிய தண்ணீர் பாதியாகக் குறையும், பாதை அதற்குப் பிறகு வந்தாலும் பரவாயில்லை. இடம் போதாமல் இந்தக் கடிதத்தை வெட்ட வேண்டி வந்தால் சிங்கப்பூர் பற்றி எழுதியதை வெட்டிக்கொள்ளுங்கள், நாட்டுக் கருவேலம் பற்றிய வரிகளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
உச்சிப்புளி