பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பான பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. பத்தாம் வகுப்பு கணக்கில் கொஞ்சம் தேறியிருக்கிறது. பெண்கள் கபடி அணி வட்டார அளவில் ஜெயித்து வந்தது. மழை விடுமுறையில் விட்டுப்போன பாடங்களைச் சனிக்கிழமைகளில் முடித்துவிடுவோம். சரி, எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் ஒரு மாணவனின் ஜாமெட்ரி பாக்ஸில், காம்பஸுக்குப் பக்கத்தில், பாதி கருகிய பீடி ஒன்று காகிதத்தில் பத்திரமாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. யார் வீட்டுப் பிள்ளை என்று தேட வேண்டாம், நானும் சொல்லப்போவதில்லை. திட்டத்தான் கூப்பிட்டேன். "பரீட்சைய நெனச்சா நெஞ்சு படபடன்னு அடிக்குது சார். ரெண்டு இழுப்பு இழுத்தா அடங்குது" என்றான். அதற்கு மேல் எனக்குத் திட்ட வரவில்லை.

அவன் பொய் சொல்லவில்லை. அடங்குகிற மாதிரித்தான் இருக்கும். நிகோடின் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும். சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். குறையக் குறையப் படபடப்பும் எரிச்சலும் வரும், படிப்பில் மனம் நிற்காது. அடுத்த பீடி அடக்குவது பெரும்பாலும் முந்தைய பீடி கிளப்பிய படபடப்பைத்தான். படகில் ஓட்டை போட்டவனே தண்ணீர் இறைக்க வந்து நிற்கிற கதை. உதட்டுக்குள் அதக்கும் புகையிலைப் பொட்டலமும் இதேதான். கஞ்சாவோ முதலில் மிதப்பாக இருக்கும், அளவு கூடினால் அதுவே பயத்தைக் கிளப்பிவிடும். பழகியபின் விட்டால் தூக்கம் போய்விடும். "மூலிகைதானே சார்" என்று ஓர் அப்பாவே என்னிடம் சொன்னார்!

பிள்ளைகளின் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மீன்பிடிக்கப் போன படகை அக்கரையில் இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது என்று செய்தி வந்த காலையில் எந்தப் பாடமும் நடத்த முடிவதில்லை. ஏப்ரல் 15 வந்தால் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், வீட்டில் வரவு நிற்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

ஒன்றைக் கோபமாகவே சொல்கிறேன். பிள்ளையிடம் காசு கொடுத்துப் பீடிக்கட்டு வாங்கிவர அனுப்பாதீர்கள். 18 வயதுக்குட்பட்டவருக்குப் புகையிலை விற்பதும், பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் விற்பதும் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கடைக்காரரிடம் ஒருமுறை பேசிவிட்டேன், அடுத்த முறை போலீசில் புகார்தான். பையன்களுக்குக் கஞ்சா நீட்டும் 'அண்ணன்'களுக்கு அந்த ஒரு முறைகூடக் கிடையாது.

வீட்டில் தெரியவந்தால் அடித்துவிடாதீர்கள். அடி வாங்கினால் ஒளித்து வைக்கத்தான் கற்றுக்கொள்வான். முதலில் எதற்குப் பயம் என்று கேளுங்கள். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. புகையிலைப் பழக்கத்தை நிறுத்த உதவி வேண்டுமென்றால் 1800 11 2356. அப்பாக்களும் கூப்பிடலாம்.

வரும் வெள்ளிக்கிழமை மாலை 4.30 மணிக்குப் பள்ளியில் இதைப் பற்றிப் பேசுவோம். கடல்பாசி எடுக்கப் போகும் தாய்மார் தாமதமாக வந்தாலும் காத்திருப்போம். இதுவரை கூப்பிட்டபோதெல்லாம் வேலையை விட்டு வந்திருக்கிறீர்கள், நன்றி. அப்புறம், "நானும் விடுறேன் சார்" என்று பீடிக்கட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போன அப்பாவுக்குத் தனியாக ஒரு நன்றி. அதை அன்றே தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போட்டுவிட்டேன், திரும்பக் கேட்டு வர வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்