அக்காவின் பெயரில் ஒரு விருது: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

எங்களோடு பேச்சு சிகிச்சையாளராகப் பணியாற்றிய அக்காவின் நினைவாகச் சேர்ந்த தொகையோடு குடும்பத்தின் பங்கையும் சேர்த்தால் 60,000 ரிங்கிட் வரும் என்றும், பேச்சு சிகிச்சை படிக்கும் மாணவர்களுக்கு அதிலிருந்து ஆண்டுதோறும் அவர் பெயரில் ஒரு விருது தரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கட்டாயம் தரலாம். ஆனால் விருதுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். மீதி முழுவதும், ஏற்கனவே வேலையில் இருக்கும் சிகிச்சையாளர்களின் பயிற்சிக்குப் போகட்டும். இதே எண்ணத்தோடு வேறு குடும்பங்களும் இருக்கக்கூடும் என்பதால் கடிதத்தைப் பொதுவில் வெளியிட நீங்கள் சம்மதித்ததற்கு நன்றி.

முதலில் பணக் கணக்கு. மூலதனத்தைத் தொடாமல் அதன் வருமானத்தை மட்டும் செலவழிக்கும் நிரந்தர நிதியைத்தான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். ஆண்டுக்கு 4 விழுக்காடு கிடைத்தால் 60,000க்கு 2,400 ரிங்கிட். விலைவாசி ஏறுவதால் 1 விழுக்காட்டையாவது மூலதனத்திலேயே விட்டுவைக்க வேண்டும். கையில் மிஞ்சுவது 1,800. ஒரு காசோலை, ஒரு சான்றிதழ், மேடையில் ஒரு படம், அதோடு அந்த ஆண்டு முடிந்துவிடும். பெயர் நிலைக்கும், வேலை நடக்காது. அதற்குப் பதில் பத்தாண்டில் முழுப் பணத்தையும் செலவழித்துவிடும் நிதியாக வையுங்கள். ஆண்டுக்கு 6,000 ரிங்கிட் கிடைக்கும். மீதமிருக்கும் தொகையைத் தவணை வாரியாக வைப்புநிதியில் போட்டால், அந்த வட்டி விலையேற்றத்தை ஓரளவு தாங்கும். 2,000 மாணவர் விருதுக்கு, 4,000 சிகிச்சையாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் பயிற்சி நாளுக்கு.

பயிற்சிக்கு ஏன் இவ்வளவு என்று கேட்பீர்கள். இந்த நாட்டில் பேச்சு சிகிச்சைக்கான பட்டப்படிப்பு 1995இல்தான் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் கோலாலம்பூர் வளாகத்தில் தொடங்கியது. பாடநூல்கள் ஆங்கிலத்தில். சோதனைகளில் பெரும்பாலானவை ஆங்கிலம் பேசும் குழந்தைகளை வைத்து அளவிடப்பட்டவை. மருத்துவமனையில் அன்றாட மொழி மலாய். தமிழ் மட்டும் பேசும் ஒரு குழந்தையோ பக்கவாதம் வந்த ஒரு பாட்டியோ எதிரில் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது என்பது, அந்தச் சிகிச்சையாளர் தனக்குத் தெரிந்தவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்வதாகத்தான் இருக்கிறது. அப்படிக் கேட்கப்பட்டவர்களில் ஒருவர் உங்கள் அக்கா. அவரிடம் இருந்த அறிவைப் பத்து ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான பேரிடம் கொண்டுசேர்க்க முடியும். ஆண்டுக்கு ஒரு மாணவருக்குத் தரும் காசோலையால் அது நடக்காது.

அந்த அறிவு எத்தகையது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் பயிற்சி நாளின் பொருள் அதுதான். ஆங்கிலப் படச் சோதனையைத் தமிழில் சொல்லவைத்தால் சோதனையே கெட்டுவிடும். தமிழ்ச் சொற்கள் ழகர, ளகர, றகரத்தில் தொடங்குவதில்லை, அதனால் அந்த ஒலிகளைச் சொல்லின் தொடக்கத்தில் வைத்துச் சோதிக்க முடியாது. வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடிவதில்லை. பேச்சில் 'பால்' என்பதும் 'பாலு' ஆகிவிடும். ஆகவே ஆங்கிலச் சோதனையில் உள்ள 'இறுதி மெய்' என்ற பகுதி இங்கே அப்படியே பொருந்தாது. இன்னொன்று இதைவிட முக்கியம். வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்று ஒரு குழந்தை சொன்னால், முதலில் அம்மாவும் பாட்டியும் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும். வீட்டில் எல்லோரும் 'வாளப்பளம்' என்றால் அது அந்த வீட்டின் வழக்கு, குழந்தையின் கோளாறு அல்ல. இது தெரியாத சிகிச்சையாளர் அந்தக் குழந்தையை மாதக்கணக்கில் ழகரப் பயிற்சியில் உட்காரவைப்பார். எழுத்துத் தமிழில் கேள்வி கேட்டால் விழிக்கும் குழந்தை, பேச்சுத் தமிழில் கேட்டால் சரளமாகப் பதில் சொல்லும். இதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மொழிபெயர்ப்புக்கு மகனையோ மருமகளையோ உட்காரவைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பக்கவாதத்துக்குப் பின் அப்பா உளறியதை அவர்கள் நல்ல வாக்கியமாகத் திருத்தி மலாயில் சொல்லிவிடுவார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் நோயைக் காட்டும் பிழை அதிலேயே மறைந்துபோகிறது. 'அவர் சொன்ன சொற்களைச் சொன்ன வரிசையில் அப்படியே சொல்லுங்கள், பொருள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை' என்று தொடங்கும் முன்பே சொல்லிவைக்க வேண்டும். பல மொழி பேசியவருக்குப் பக்கவாதத்தின் பின் எல்லா மொழியும் ஒரே அளவில் திரும்புவதில்லை. மலாயில் மட்டும் சோதித்துவிட்டு, 'புரிந்துகொள்ளும் திறன் போய்விட்டது' என்று எழுதினால் அது தவறான அறிக்கையாகிவிடலாம்.

பேச்சு சிகிச்சையாளரின் வேலையில் விழுங்குதலுக்கும் பெரிய பங்கு உண்டு என்பது வெளியே பலருக்குத் தெரியாது. பயிற்சி நாளின் பிற்பகல் முழுவதையும் இதற்கே ஒதுக்கச் சொல்வோம், ஏனென்றால் இங்கே தவறினால் உயிருக்கே ஆபத்து. உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும்போது எல்லோருக்கும் புரையேறி இருமல் வராது. சிலருக்குச் சத்தமே இல்லாமல் உள்ளே போய் நிமோனியா வரும். அதனால் பானம் மெதுவாக இறங்கும்படி கெட்டியாக்கி, அதன் கெட்டித்தன்மையை ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற அனைத்துலக அளவுமுறையில், 0 முதல் 4 வரை, அளந்து கொடுக்கிறார்கள். சோதனை எளிது. 10 மில்லி ஊசிக்குழாயின் தண்டை எடுத்துவிட்டு, முனையை விரலால் அடைத்து, 10 மில்லி வரை பானத்தை ஊற்றி, விரலை எடுத்து 10 வினாடி ஓடவிட வேண்டும். 1 முதல் 4 மில்லி மிஞ்சினால் நிலை 1. 4 முதல் 8 வரை நிலை 2. 8க்கு மேல் நிலை 3. ஒன்றுமே ஓடவில்லை என்றால் நிலை 4. ஊசிக்குழாயில் 0 முதல் 10 வரையுள்ள அளவுகோலின் நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வேறு வடிவக் குழாயில் அளந்தால் முடிவே மாறிவிடும். கடையில் கிடைத்ததை வாங்கிவந்து சோதிப்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

இந்த அளவுமுறை தமிழ்ச் சமையலறைக்குள் வர வேண்டும். கேழ்வரகுக் கூழ் அடுப்பிலிருந்து இறக்கும்போது ஒரு நிலை, ஆறிய பிறகு வேறு நிலை. ஆகவே எந்தச் சூட்டில் குடிக்கக் கொடுக்கிறார்களோ அந்தச் சூட்டில் அளக்க வேண்டும். மாவுச்சத்தால் கெட்டியான எதுவும் எச்சில் பட்டால் நீர்த்துப்போகும். வாயில் வைத்த கரண்டியை மறுபடி கிண்ணத்தில் விட்டால் கால்மணி நேரத்தில் கூழ் இளகத் தொடங்கும். சாந்தன் கோந்து (xanthan gum) கலந்த கெட்டிப்பொடிக்கு இந்தக் குறை இல்லை, ஆனால் விலை அதிகம். அரிசிக் கஞ்சி மென்மையானது என்று எல்லோரும் நம்புகிறார்கள். பருக்கை தனியாகவும் தண்ணீர் தனியாகவும் நிற்கும் கஞ்சிதான் மிக ஆபத்தானது: பருக்கையை மெல்லும்போதே தண்ணீர் முந்திக்கொண்டு தொண்டைக்குள் போய்விடும். ரசம் சாதமும் அப்படியே. இரண்டையும் மசித்து ஒன்றாக்கி, வடிந்து நிற்கும் நீர் இல்லாமல் தர வேண்டும். சாம்பாரில் ஊறிய இட்லியையும் கிண்ணத்தோடு மேசையில் வைத்து, போதிய அளவு மென்மையாக இருக்கிறதா என்று முள்கரண்டியால் அழுத்திப் பார்த்துப் பழக வேண்டும். இதைக் காட்டாமல் படங்களை மட்டும் காட்டி முடிக்கும் பயிற்சிக்கு உங்கள் பணத்தைத் தராதீர்கள்.

4,000 ரிங்கிட்டைத் தோராயமாக இப்படிப் பிரிக்கலாம். நாற்பது பேருக்குச் சாப்பாடு 1,000, இரண்டு விரிவுரையாளர்களுக்கான மதிப்பூதியம் 800, படச் சொற்தொகுதியும் குறிப்பேடும் அச்சிட 600, ஊசிக்குழாய், கெட்டிப்பொடி, சமையல் பொருள்கள் 300, காணொளிப் பதிவும் தொகுப்பும் 700. மிஞ்சும் 600ஐ ஈப்போ, பினாங்கு, சிரம்பான் பக்கமிருந்து வருபவர்களின் பயணச் செலவுக்கு வையுங்கள். தலைநகருக்கு வெளியே இருப்பவர்களுக்குத்தான் இது அதிகம் தேவைப்படுகிறது. மண்டபத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். பல்கலைக்கழகமோ மருத்துவமனையோ சேர்ந்து நடத்தினால் இடம் இலவசமாகக் கிடைக்கும். தொடர்கல்விப் புள்ளிகளுக்கு நிகழ்ச்சிக்கு வெகுமுன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். புள்ளி இல்லையென்றால் பலருக்கு விடுப்பு கிடைப்பதில்லை. தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை: உலகக் குரல் தினம் ஏப்ரல் 16, திக்குவாய் விழிப்புணர்வு நாள் அக்டோபர் 22. இரண்டும் பொருத்தமாகத் தோன்றும். ஒன்று சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வருகிறது, மற்றது சில ஆண்டுகளில் தீபாவளியோடு மோதுகிறது. ஜூலையில் ஒரு சனிக்கிழமை போதும்.

மாணவர் விருதைப் பொறுத்தவரை, அதிகப் புள்ளி எடுத்தவருக்குத் தராதீர்கள். அவருக்கு ஏற்கனவே வேறு பரிசுகள் இருக்கும். தமிழ் பேசும் நோயாளியோடு செய்த வேலைக்குத் தாருங்கள். விதியிலும் 'தமிழ் மாணவருக்கு' என்று எழுத வேண்டாம், 'தமிழில் நடந்த சிகிச்சைப் பணிக்கு' என்று எழுதுங்கள். மொழிபெயர்ப்பாளரை வைத்து ஒரு தமிழ்க் குழந்தையை முறையாக மதிப்பிட்ட மலாய் மாணவியும் இதை வெல்லலாம், வெல்ல வேண்டும். அந்தக் குழந்தைக்குத் தேவை நல்ல மதிப்பீடு.

விண்ணப்பத்துக்கு மூன்று பக்கம் போதும்: என்ன செய்தார், எதற்காக அப்படிச் செய்தார், எது பலிக்கவில்லை. மேற்பார்வையாளரின் கடிதம் ஒன்றும், பிறர் பயன்படுத்தக்கூடிய ஒரு பொருளும் இணைய வேண்டும். படத்தொகுதியாக இருக்கலாம், வீட்டுப் பயிற்சித் தாளாகவும் இருக்கலாம். நோயாளியின் குரல் பதிவையோ முகத்தையோ கேட்காதீர்கள். தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் 2010 இருக்கிறது, அதைவிட அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை இருக்கிறது. நடுவர்கள் மூவர் போதும்: ஒரு விரிவுரையாளர், தமிழில் சிகிச்சை தரும் ஒரு மருத்துவமனைச் சிகிச்சையாளர், தமிழ்ப்பள்ளிச் சிறப்புக் கல்வி ஆசிரியர் ஒருவர். தன் மாணவர் போட்டியிட்டால் அந்த நடுவர் விலகிக்கொள்ள வேண்டும். குடும்பம் தேர்வில் உட்கார வேண்டாம், பரிசைக் கையால் கொடுக்க வாருங்கள். தகுதியான விண்ணப்பம் வராத ஆண்டில் விருதை நிறுத்திவைத்து அந்த 2,000ஐப் பயிற்சிக்கு மாற்றலாம் என்ற விதியையும் இப்போதே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் யாருக்காவது கொடுத்தாக வேண்டிய கட்டாயம் வரும்.

பணத்தை உங்கள் சொந்தக் கணக்கில் வைக்காதீர்கள். இந்தத் தொகைக்காகத் தனிச் சங்கமோ அறக்கட்டளையோ பதியவும் வேண்டாம், ஆண்டுக் கணக்கும் கூட்டமும் உங்களை விழுங்கிவிடும். பல்கலைக்கழகத்தின் நிதிப் பிரிவோடு எழுத்து ஒப்பந்தம் போடுங்கள். நன்கொடை தருபவர்களுக்கு வரிக்கழிவு வேண்டுமானால், வருமான வரிச் சட்டம் 1967இன் 44(6) பிரிவில் அனுமதி பெற்ற நிதியா என்று கேளுங்கள். பாடத்திட்டத்தின் பெயர் மாறினாலோ துறை மூடப்பட்டாலோ மீதிப் பணம் எங்கே போகும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

கடைசியாக, அக்காவின் அலமாரி. நோயாளிகளின் பெயர் உள்ள குறிப்பேடுகளை யாரிடமும் காட்டாதீர்கள். அவை அந்தந்த மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். விலைக்கு வாங்கிய சோதனைகளை நகலெடுத்துப் பகிர்ந்தால் பதிப்புரிமைச் சிக்கல் வரும். அவரே வரைந்த படங்கள், அவரே தொகுத்த சொற்பட்டியல்கள், வீட்டுப் பயிற்சித் தாள்கள் ஆகியவை இந்த இரண்டு வகையிலும் சேராதவை. அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். முதல் பயிற்சி நாளின் குறிப்பேட்டை அவற்றிலிருந்தே தொகுக்கலாம். ஒரு சனிக்கிழமை சொல்லுங்கள், எங்களில் இருவர் வீட்டுக்கு வந்து பிரித்துத் தருகிறோம். ஒப்பந்த வரைவு கைக்கு வந்ததும், கையெழுத்திடும் முன் எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்காவோடு பணியாற்றிய பேச்சு சிகிச்சையாளர்கள்
கோலாலம்பூர்